கொம்பனித்தெருவும் நம்முடைய தோட்டமும்

ஹல்துமுல்லையில் இராத்திரி பஸ் ஏறினால், பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று இறங்கி இறங்கி, விடிகிற நேரத்துக்குக் கொழும்பு. நான் முதன்முதலாகப் போனபோது பெரியப்பா மகன் கொம்பனித்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு முடுக்கு. அதற்குள் அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஒற்றைக் காம்பராக்கள், நடுவில் ஒரு குழாய், குழாயடியில் வரிசைக்கு வைத்த வாளிகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ். தகரக் கூரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, இங்கயும் லயமா?” என்று கேட்டுவிட்டேன்.

“லயம்னு சொல்லாத தம்பி. இந்த ஊர்ல இதுக்குப் பேரு தோட்டம்.”

அந்தச் சொல் அன்றே மனதில் தைத்தது. சிங்களத்தில் ‘வத்த’, தமிழில் ‘தோட்டம்’. தேயிலை விளையும் மலைக்கும் அதே பெயர், தேயிலைப் பெட்டி சுமந்தவன் படுத்துறங்கிய முடுக்குக்கும் அதே பெயர். நம் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் காம்பராக்களான லயத்துக்கு நம்பர் போடுவார்கள். அங்கே மாநகர சபையின் வரி இலக்கமே தோட்டத்தின் பெயராகிவிடுகிறது. பெயரில் மட்டும் தானா இந்த ஒற்றுமை என்ற கேள்வியோடுதான் இத்தனை ஆண்டுகளாகக் கொம்பனித்தெருவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் போகும்போதெல்லாம் நடந்து பார்த்தும் வருகிறேன்.

கொழும்பு 2 என்று தபாலில் எழுதப்படும் இந்தப் பகுதியின் இருப்பிடத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வடக்கே கோட்டை: வங்கிகளும் துறைமுகமும் பழைய பாராளுமன்றமும் உள்ள நகரின் நெஞ்சு. மேற்கே காலிமுகத்திடல், அதற்கப்பால் கடல். சுற்றிவர பேரை வாவியின் கைகள். நாட்டிலேயே நிலத்தின் விலை மிக உயர்ந்த இடங்களுக்கு நடந்து போகும் தூரத்தில், மூன்று நான்கு தலைமுறையாகக் கூலிக்காரரும் கடைச் சிப்பந்திகளும் மலாய்க் குடும்பங்களும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள். நகரின் நெஞ்சுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் கரையில், வசதியற்றவர்கள் நிலைத்திருக்க முடியுமா? முடியவேண்டுமா? யார் அதைத் தீர்மானிப்பது? கொம்பனித்தெருவைச் சுற்றி எழுந்த வாதங்கள் எல்லாம் கடைசியில் இந்த மூன்றில்தான் வந்து நிற்கின்றன.

வாவியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த இடத்தை உண்டாக்கியதே அதுதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தங்கள் கோட்டையைக் காக்க ஓடையொன்றை மறித்துத் தண்ணீரைத் தேக்கினார்கள். 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் அந்தத் தண்ணீருக்கு இன்னொரு வேலை கொடுத்தார்கள். பகலெல்லாம் கோட்டையில் உழைத்த அடிமைகளை அந்தி சாய்ந்ததும் வாவிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்தார்கள். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வீட்டில் அடிமைகள் கொலை செய்து கலகம் எழுப்பியதன் பிறகே இந்த ஏற்பாடு வந்ததென்றும், தப்பி நீந்துவோரைத் தடுக்க வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்றும் சொல்லி வருகிறார்கள். ஆங்கிலேயர் வைத்த ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு என்ற பெயர் அந்த நினைவில் வந்தது.

அந்த அடிமைகள் என்றதும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிலிகளை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். அது முழுக் கதை ஆகாது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சமும் போரும் வாட்டியபோது, ஒல்லாந்தக் கொம்பனி சோழமண்டலக் கரையிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றியதாக ஆய்வாளர் மார்க்குஸ் விங்க் கணக்கிடுகிறார். காப்பித் தோட்டத்துக்கு ஆள் வருவதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே, அதே தஞ்சைப் பக்கத்துச் சனம், அதே பசியால் துரத்தப்பட்டு, இதே தீவுக்குக் கப்பலேறியிருக்கிறது. நம் மலையக வரலாற்றை 1820களில் தொடங்குவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் வாவிக் கரையில் அடைக்கப்பட்டவர்களுள் தமிழ் பேசியவர்களும் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் வந்துவிடுகிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

தமிழ் வாயில் அது ஒருநாளும் அடிமைத் தீவாக இருந்ததில்லை. கொம்பனித்தெரு என்றே சொல்லி வந்திருக்கிறோம். ஒல்லாந்தக் கொம்பனியால் வந்த பெயர் என்பார் சிலர். அங்கே பாளையமிட்டிருந்த படைப்பிரிவுகளால் வந்தது என்பார் வேறு சிலர். இரண்டாவது விளக்கத்துக்கு ஊரே சாட்சி நிற்கிறது: ரைபிள் வீதி, மலாய் வீதி, ஜாவா லேன். ஒல்லாந்தர் காலத்தில் சாவகத்திலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்ட பிரபுக்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள், பின்னர் ஆங்கிலேயரின் சிலோன் ரைபிள் படையில் சேர்ந்தார்கள். வேக்கந்தைப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது. அதற்கு நிலம் கொடுத்தவர் பண்டான் பாலி என்ற சாவகப் பிரமுகர் என்பது வழிவழி வந்த செய்தி. 1869இல் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் அச்சிட்டார். 1872இல் மலாய்க் கிரிக்கெட் கழகம் தொடங்கியது. அதன் மைதானத்தைப் ‘படாங்’ என்றே இன்றும் அழைக்கிறார்கள், மலாய் மொழியில் வெளி என்று பொருள்.

1873இல் ரைபிள் படை கலைக்கப்பட்டபோது அந்த வீரர்கள் பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள்; தோட்டங்களுக்கும் வந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசும் மலாய், வாக்கிய அமைப்பில் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும். வேற்றுமை உருபுகளும் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சந்தையிலும் பள்ளிவாசலிலும் நம்மோடு கலந்து பேசிப் பேசி அந்த மொழி மாறியது. நாமும் வாங்காமல் இல்லை: றம்புட்டான், மங்குஸ்தான், சாரம், தொதல் எல்லாம் அவர்கள் பக்கத்துச் சொற்கள். கொம்பனித்தெருவில் பிட்டுக்கு மாட்டுக் குடல் கறி ஊற்றித் தரும் ‘பாபத்’ சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு வேறெந்தக் கடைப் பிட்டும் ருசிக்காது. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலின் கோபுரத்தடியிலிருந்து நடந்தால் சில நிமிடத்தில் பள்ளிவாசல் வந்துவிடும். ஒரு பகுதியின் செழுமை அதன் கட்டடங்களில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இனி நம்முடைய பங்கு. கொம்பனித்தெருவின் வறுமையைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாக இதை விட்டுவிடுகிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொழும்பை இந்த நாட்டின் தலைத் துறைமுகமாக்கியது மலையில் விளைந்த பயிர். முதலில் காப்பி. அது நோயில் அழிந்த பிறகு தேயிலை. 1875இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நடப்பட்டது. 1883 ஜூலை 30ஆம் தேதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. 1890இல் லிப்டன் வந்து தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் ரயில் ஹப்புத்தளையைத் தொட்டது. ஊவாக் கணவாயின் காற்றில் வாசனை ஏறிய நம் தேயிலை அதன் பிறகு பெட்டி பெட்டியாகக் கொழும்புக்கு இறங்கியது. இறங்கி எங்கே போயிற்று? பேரை வாவிக் கரைக்கு. வாவியைச் சுற்றிலும் பண்டகசாலைகள் எழுந்தன. அங்கே கலந்து கட்டிய பெட்டிகளைப் பாதைப் படகுகளில் ஏற்றி, கால்வாய் வழியே, நீர்மட்டத்தைச் சரிசெய்யும் மதகுக் கதவுகளைத் தாண்டித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அன்னப் படகு மிதக்கும் தண்ணீரில் அன்று தேயிலை மிதந்தது. ஏலமும் வெகுகாலம் இந்த வட்டாரத்தை விட்டு அகலவில்லை; 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் கணினிக்கு மாறும்வரை அது நடந்துவந்த வர்த்தகச் சம்மேளனக் கட்டடம் கொழும்பு 2இல், நவம் மாவத்தையில் இருக்கிறது.

பெட்டிகள் தாமாக நடக்கமாட்டா. தூக்க, அடுக்க, வண்டியில் ஏற்ற, படகு தள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் பண்டகசாலைக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். வசதி படைத்தவர்கள் இந்த வட்டாரத்தை விட்டுக் கறுவாத்தோட்டத்துப் பக்கம் குடிபெயர்ந்தபோது அவர்களுடைய வளவுகள் காலியாயின. அந்த வளவுத் தோட்டங்களில் நீள நீளமாகக் காம்பரா கட்டி வாடகைக்கு விட்டார்கள். ‘தோட்டம்’ என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனம், ஒரு கதவு, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ்: மலையில் துரை கட்டிய லயத்துக்கும் கொழும்பில் வளவுக்காரர் கட்டிய காம்பராவுக்கும் வரைபடம் ஒன்றே. இரண்டையும் கட்டியவர்களின் கணக்கும் ஒன்றே. உழைப்பாளி வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்கும் இடம் மட்டும் அவனுக்குச் சொந்தமாகக் கூடாது.

இந்த வட்டாரத்தில் வேலைக்கும் குறைவிருக்கவில்லை. 1866இல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பனி பின்னாளில் யானை மார்க் குளிர்பானம் செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. தீபாவளிக்கு ஹல்துமுல்லைக் கடையில் அப்பா வாங்கித் தரும் இஞ்சிச் சோடாப் போத்தலை வெகுகாலம் நான் வேறொரு உலகத்துப் பொருளாக நினைத்திருந்தேன். கிளென்னி வீதியில் அந்த ஆலைக்குப் போய்வந்த தொழிலாளர்களும் காம்பராவில்தான் படுத்திருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1870இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கட்டிய நீண்ட மாடிக் கட்டடம், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இருந்த தெருவரிசைகள், பேக்கரிகள், தையற்கடைகள் என்று வேலையும் வீடும் ஒன்றுக்குள் ஒன்று கிடந்த இடம் அது.

1970களின் தொடக்கத்தில் இரண்டு தோட்டங்களின் பாதைகளும் சட்டத்தால் பிரிந்தன. 1973இல் வீடமைப்பு அமைச்சராக இருந்த பீற்றர் கெனமன் கொண்டுவந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. கொழும்பில் காம்பரா வாடகைக்காரர் பலருக்கு அந்த இடம் சொந்தமாகவோ குறைந்தது பிடுங்க முடியாததாகவோ ஆனது. அதே காலத்தில், 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் மலையகத் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. லயத்தில் இருந்தவனுக்கு ஓர் அங்குலமும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. 1948இல் பறித்த குடியுரிமையும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அவனை நாட்டுக்கே சொந்தமில்லாதவனாக்கி வைத்திருந்தன. கொழும்புக்காரன் கையில் காணி உறுதியோடு, நாம் வெறுங்கையோடு, ஐம்பது ஆண்டுகள் ஓடின.

அந்த உறுதி அவர்களைக் காப்பாற்றியதா? கொம்பனித்தெருவின் அண்மைக்கால வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

இடையில் 1983 ஜூலை, தமிழருக்கெதிரான கலவரம். நவரத்தினம் குடும்பத்தினர் 1965இல் திறந்த ரியோ திரையரங்கு, எழுபது மில்லிமீற்றர் படம் காட்டிய கொழும்பின் பெருமை, பக்கத்திலிருந்த அவர்களுடைய ஹோட்டலோடு எரிக்கப்பட்டது. கறுத்த சுவர்களோடு அது வெகுகாலம் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கடந்து போகும்போது பெரியப்பா மகன் பேச்சை நிறுத்திவிடுவார். அவரும் அந்த வாரம் ஒரு சோனகர் வீட்டு அறைக்குள் ஒளிந்திருந்து பிழைத்தவர்.

உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே நகரம் மாறத் தொடங்கியது. 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில், படையினரும் பொலிசாரும் சுற்றி நிற்க, வீடுகள் இடிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து ஜாவா லேன், மலாய் வீதிப் பக்கத்துக் காணிகள் பெருந்திட்டங்களுக்கென எடுக்கப்பட்டன. கையில் உறுதி வைத்திருந்தவர்களும் இவர்களுள் இருந்தார்கள் என்பதை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் அறிக்கைகள் பதிந்திருக்கின்றன. 1950இன் காணி சுவீகரிப்புச் சட்டம் ‘பொதுத் தேவை’ என்ற இரண்டு சொல்லுக்காக எந்தக் காணியையும் எடுக்க இடம் தருகிறது. அந்தத் தேவை யாருடையது என்பதை அது கேட்பதில்லை.

அரசின் வாதத்தை அதன் பலத்தோடு வைத்துப் பார்ப்பதே நேர்மை. அதிகார சபையின் கணக்கெடுப்புப்படி கொழும்பு நகரில் 68,812 குடும்பங்கள் 1,499 ‘வசதி குறைந்த’ குடியிருப்புகளில் இருந்தன. அவை அடைத்திருந்த நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர். இவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றினால் குழாயும் கழிவறையும் வீட்டுக்குள் வரும், வெள்ளம் வராது, விடுபடும் நிலத்தை விற்ற காசிலேயே மாடிகளைக் கட்டிவிடலாம் என்றார்கள். பொதுக் கக்கூசுக்கு இராத்திரியில் துணையோடு போய்வந்த ஒரு பெண்ணிடம், சொந்தக் கழிவறை உள்ள வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. லயத்தில் பிறந்த எனக்கு அந்த அருமை தெரியும். நகருக்கு நிலம் வேண்டும், முதலீடு வேண்டும், வேலை வேண்டும் என்பதும் உண்மை.

ஆனால் அந்த வாதம் ஒரு சொல்லின் மேல் நிற்கிறது: ‘வசதி குறைந்த’. கொம்பனித்தெருவில் அந்தச் சொல்லுக்குள் அடங்காத வீடுகள் நிறைய இருந்தன. மாடி எடுத்து, தரைக்கு ஓடு பதித்து, இரண்டு குடும்பம் தாராளமாக இருந்த வீடுகள். கீழ்த்தளத்தில் கடை, மேலே குடித்தனம், திண்ணையில் மாலை நேரத்து இடியப்ப வியாபாரம். வீட்டின் அளவை எடுத்தவர்கள் வாசற்படி கொடுத்த வருமானத்தை எங்கே எழுதினார்கள்? முறுக்குப் பொரித்து விற்பவளுக்குத் தெருவைப் பார்த்த ஒரு வாசல்தான் முதல். அவளைத் தெமட்டகொடையிலோ வேறெங்கோ பன்னிரண்டாம் மாடியில் 400 சதுர அடியை ஒட்டிய வீட்டுக்கு அனுப்பினால், கழிவறை வீட்டுக்குள் வந்துவிடும், வாடிக்கைக்காரர் வரமாட்டார்கள். ஓட்டோ ஓட்டுபவர் வண்டியைக் கண்ணுக்கு எட்டாத கீழே விட்டுவிட்டு மேலே தூங்க வேண்டும். மின்தூக்கி நின்றுபோன நாளில் முடியாதவர்களைக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கிய கதைகளை அந்த மாடிகளில் நானே கேட்டிருக்கிறேன். உறுதியுள்ள வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர்களிடமும் பத்து இலட்சம் ரூபாவரை மாதத் தவணையாக இருபது முப்பது ஆண்டுகளுக்குக் கேட்கப்பட்டதை மேற்சொன்ன நிலையம் ஆவணப்படுத்தியிருக்கிறது. உடைமைக்காரனாக இருந்தவனைக் கடன்காரனாக்கிய இந்த ஏற்பாட்டை அபிவிருத்தி என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு வேறு வழியே இருந்ததில்லையா? இருந்தது, இந்த நாட்டிலேயே. 1984இல் பிரதமராக இருந்த ரணசிங்க பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், இருக்கும் இடத்திலேயே காணியை அளந்து பிரித்து, வழி விட்டு, சிறு கடன் கொடுத்து, குடும்பத்தையே வீட்டைக் கட்டச் சொன்னது. எந்தச் சுவர் எங்கே போகும் என்று குடியிருப்பாளர் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். குறைகள் இருந்தன, கடன்கள் திரும்பாமல் போனதும் உண்டு. ஆனாலும் பல தோட்டங்களில் இன்று நிற்கும் கல்வீடுகள் அந்தக் காலத்தில் தொடங்கியவை. அப்படித் தம் கையால் முன்னேறிய வீடுகளும் பிறகு ‘வசதி குறைந்த’ பட்டியலுக்குள் போனதுதான் தாங்க முடியாதது.

உலகத்தில் வேறு நகரங்கள் இதே இடத்தில் எப்படி நடந்துகொண்டன என்று தேடியபோது இரண்டு ஊர்கள் மனதை விட்டு அகலவில்லை. ஒன்று சிக்காகோ. அங்கே நகர மையத்துக்கும் மிச்சிகன் ஏரிக்கும் நடந்து போகும் தொலைவில் கப்ரினி கிரீன் என்ற குடியிருப்பு. பழைய சேரியை இடித்து, ஏழைகளை மேலே ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்று அரசு அடுக்கு அடுக்காகக் கட்டியது. ஒரு கட்டத்தில் பதினையாயிரம் பேர் வரை இருந்தார்கள். பராமரிப்புக்குப் பணம் நிறுத்தப்பட்டது, வேலை போயிற்று, வன்முறை புகுந்தது. 1995இல் இடிக்கத் தொடங்கி 2011இல் கடைசி மாடியையும் இடித்தார்கள். ஏரிக் கரைக்குப் பக்கத்து நிலமாதலால் அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் வசதி உள்ளவர்களின் வீடுகள். நாம் இன்று எழுப்புகிற மாடிகளைப் பராமரிக்க யார், எத்தனை ஆண்டுகளுக்குப் பணம் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியைக் கப்ரினி கிரீன் விட்டுச் சென்றிருக்கிறது.

மற்றது தென்னாபிரிக்காவின் கேப் டவுன். நகர மையத்தை ஒட்டிய சரிவில் போ-காப் என்று ஓர் இடம். கொழும்பை ஆண்ட அதே ஒல்லாந்தக் கொம்பனி சாவகத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுபோன அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம். பள்ளிவாசல், வரிசை வீடுகள், மசாலா மணக்கும் சமையல்: கொம்பனித்தெருவின் கூடப் பிறந்தது போலிருக்கும். அங்கேயும் உயர்ந்த கட்டடங்கள் வந்து முட்டின, மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2019இல் மாநகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதியாக அறிவித்தது. நிலவரியும் வாடகையும் ஏறுவதை அது நிறுத்திவிடவில்லை. ஆனாலும் இடிக்க வருபவன் முதலில் மாநகரத்திடம் அனுமதி கேட்டாக வேண்டும். கொழும்பில் அந்தக் கேட்டல் நடக்கவில்லை. 1870ஆம் ஆண்டு எழுந்த டி சொய்சா கட்டடத்திலும் 2021இல் ஒரு பகுதி சரிந்துபோயிற்று.

சென்னைக்காரர்களுக்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் தெரியும். கூவக் கரையிலிருந்து ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைவில் இறக்கப்பட்டவர்களின் கதையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாவிக் கரை இப்போது எப்படி இருக்கிறது? ஒரு காலத்தில் 165 ஹெக்டேயர் விரிந்திருந்த பேரை வாவி, தூர்த்துத் தூர்த்து இன்று ஏறத்தாழ 65 ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. கரையில் 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரம் 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒன்றின் தோளில் மற்றது சாய்ந்தாற்போல் நிற்கும் அல்டெயர் இரட்டை மாடிகள் வந்தன. பழைய ஐஸ் கம்பனி நிலத்தில் எழுந்த பெரும் ஹோட்டல் தொகுதி 2024 ஒக்டோபரில் திறந்தது. மேற்கே கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம். இவற்றில் பாத்திரம் கழுவவும் படுக்கை விரிக்கவும் வாசலில் நிற்கவும் நம் ஊர்ப் பிள்ளைகள் போகிறார்கள். இராத்திரி வேலை முடிந்து படுக்க அவர்களுக்குக் கொம்பனித்தெருவில் இப்போது இடம் கிடைப்பதில்லை. வத்தளையிலும் அதற்கப்பாலும் ஓர் அறைக்கு ஆறு பேராக இருக்கிறார்கள். சம்பளத்தில் பெரும் பங்கு பஸ்ஸுக்கும் வாடகைக்கும் போகிறது. நகர மையத்துக்குப் பக்கத்தில் ஏழைக்கு இடம் இருப்பது கருணையால் அல்ல. நகரம் ஓடுவதற்கே அது தேவை.

இதே அரசு நம் பக்கத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, நம்முடைய ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்குள், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கையால் என்ன செய்ய முடியும்? உயிர் தப்பியவர்கள் கைவிடப்பட்ட தேயிலை ஆலைக்குள் ஈராண்டு அளவுக்குக் காத்திருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு வந்த சரிவுகளில் பதுளை மாவட்டம் மறுபடியும் சாவு எண்ணியது. கொழும்பில் போக விரும்பாதவர்களைப் படையோடு வந்து சில நாட்களில் அப்புறப்படுத்த முடிந்த அரசுக்கு, மீரியபெத்தையில் போகத் துடித்தவர்களை முதல் எச்சரிக்கைக்குப் பிறகான ஒன்பது ஆண்டுகளில் நகர்த்த முடியவில்லை. நிலத்துக்கு விலை இருந்த இடத்தில் வேகம் இருந்தது. மண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் இருந்தது.

ஆகவே இன்று நாம் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று காணி கேட்கும்போது கொம்பனித்தெருவைக் கவனமாகப் படிக்க வேண்டும். உறுதி இல்லாமல் எதுவும் இல்லை. அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் உறுதி மட்டும் போதாது என்பதையும் ஜாவா லேன் காட்டிவிட்டது. காணி எங்கே, பாதைக்கும் பாடசாலைக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம், எடுக்க வந்தால் யாரிடம் முறையிடுவது, நம் சம்மதம் எழுத்தில் வேண்டுமா என்பவற்றையும் அந்தக் காகிதத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். சுற்றுலாவுக்கென்று மலைக் காட்சி உள்ள முகடுகளுக்கு நம் பக்கத்திலும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் போய்வருபவர்களுக்கு அது கண்கூடு.

2022இன் கடைசியில், ஸ்லேவ் ஐலண்ட் என்ற ஆங்கிலப் பெயரை நீக்கி மூன்று மொழியிலும் கொம்பனித்தெருப் பெயரையே வழங்கத் தீர்மானித்தார்கள். நல்லது. அடிமை என்ற சொல்லைச் சுமக்க அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காரணமும் இல்லை. பெயர் திரும்பி வந்த வேளையில் அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்த பல குடும்பங்கள் அங்கே இல்லை.

சென்ற முறை போனபோது வெள்ளிக்கிழமை. வேக்கந்தைப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஓட்டோக்கள் வரிசையாக நின்றன. மாடிகளுக்கு மாற்றப்பட்டவர்கள் தொழுகைக்கு இங்கேதான் வருகிறார்கள் என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். வெள்ளைத் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடமொன்றின் வேலியோரம் போய் நின்றார். உள்ளே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையைக் காட்டி, அந்தச் சிவப்புக் கார் நிற்கிற இடத்தில்தான் நம் குசினி இருந்தது என்றார். பையன் வேலிக் கம்பிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தான். காவலாளி மெதுவாக எழுந்து வந்து, இங்கே நிற்க வேண்டாம் ஐயா, கமரா இருக்கிறது என்றார். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டேன்.

“கொஸ்லந்தை” என்றார்.